முக்குச் சுவர்

அந்தப் பையின் மேல் உட்கார்ந்துவிடாதீர்கள் தம்பி. இப்படிக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே மனு இருக்கிறது. மடங்கினாலும் வாங்கிக்கொள்வார்கள். எனக்குத்தான் மடங்கிய தாளைக் கொடுக்கப் பிடிக்காது.

இன்றைக்குத் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். இது எனக்கு ஒன்பதாவது. வாசலில் நிற்கிற போலீஸ்காரம்மாவுக்கு என்னை நன்றாகத் தெரியும். “வாங்க பெரியவரே, இன்னைக்கு யாரு மேல?” என்று கேட்கும். போன தடவை கையில் இருந்ததை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது. “குடுத்து வெச்சவரு நீங்க” என்றது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை.

நீங்கள் எங்கே ஏறினீர்கள், லேக் வியூவிலா? அதற்கு அடுத்த ஸ்டாப்பா. சரி, சரி. அங்கே ஏறியிருந்தால் நான் எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருப்பேன். உங்கள் மேல் கோபமில்லை. அது ஒரு பழக்கம்.

லேக் வியூ என்பது இப்போதைய பேர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்டாப்புக்கு எருமைக்குட்டை என்று பேர். குட்டையில் எருமை கிடக்கும், கரையில் என் மைத்துனன் சென்னியப்பனின் காடு. என் சம்சாரம் மயிலாத்தாளின் கூடப்பிறந்த தம்பி அவன். சோளமும் கடலையும் போட்டுக்கொண்டிருந்தவன், காட்டை அப்படியே அபார்ட்மெண்ட்காரனுக்குக் கொடுத்துவிட்டான். வாங்கினவன் முதல் வேலையாகக் குட்டையை மூடினான். அப்புறம் ஏரிக்காட்சி என்று போர்டு வைத்தான். இருநூற்றுப் பதினாறு வீடு. வீட்டுக்கு ஒரு கார், ஒரு வண்டி, சில வீட்டில் பையனுக்கு ஒன்று தனியாக. அத்தனையும் மெயின்ரோட்டுக்கு வர ஒரே வழி எங்கள் வீதி. வீதி திரும்புகிற முக்கில் என் வீடு.

என் வீட்டுக்கு முன்னால் ஒரு சுவர் இருந்தது. இருந்தது என்றுதான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சுவரைப் பற்றிப் பின்னால் உங்களிடம் யாராவது வேறு மாதிரி சொல்லலாம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னியப்பன் ஒரு டிராக்டர் வாங்கினான். வாங்கின அன்றைக்கே முக்கில் திருப்பும்போது என் வாசலில் கிடந்த துவைக்கிற கல்லில் இடித்துவிட்டான். கல்லின் ஓரம் ஒரு விரல்கடை பெயர்ந்துவிட்டது. நிற்காமல் போனான். சாயங்காலம் போய்க் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா?

“கல்லு நடு ரோட்டுல கெடந்தா நான் என்னங்க மாமா பண்றது?”

நடு ரோடாம். மறுநாளே கொத்தனாரை வரச்சொல்லி, கல்லையும் உள்ளே சேர்த்துச் சுவர் எடுத்துவிட்டேன். ஐந்தரை அடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. கல் இருந்த இடம் வரைக்கும் என் இடம்தானே? அதிலிருந்து அவன் டிராக்டர் அந்த முக்கில் மூன்று தடவை முன்னால் போய்ப் பின்னால் வந்துதான் திரும்பியது. நான் வாசலில் உட்கார்ந்து பார்ப்பேன். பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது.

சரி, விபத்துக்கு வருகிறேன்.

லேக் வியூ ஆட்கள் குடிவந்த முதல் மாசமே முதல் விபத்து. பால்காரர் மெயின்ரோட்டிலிருந்து உள்ளே வருகிறார், ஒரு கார் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. முப்பது லிட்டர் பால் வீதியோடு போனது. இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: “வர்றது தெரியலீங்க.” கண் இருக்கிறவன் பேசுகிற பேச்சா அது? நான் ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட்டேன். எனக்கு எழுத வராது, கணக்கு வைத்துக்கொள்ள அதுதான் வழி. அடுத்தது சாப்பாடு கொண்டுபோகிற பையன். அவனுக்கு முழங்கை சிராய்ப்பு, சாம்பார் முழுக்கச் சுவரில். அதற்கும் ஒரே கோடுதான் போட்டேன். சாம்பாருக்குத் தனிக்கோடு போடவில்லை. எதிலும் நியாயம் வேண்டும். அப்புறம் பள்ளிக்கூட வேன் ஒரு ஆட்டோவில் இடித்து ஒரு குழந்தைக்குப் பல் போனது. பால் பல்தான், எப்படியும் விழ வேண்டியது. இருந்தாலும் கோடு கோடுதான்.

ஆறு கோடு ஆனதும் மனு கொடுப்பது என்று முடிவு செய்தேன். வேகத்தடை வேண்டும் என்று. நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் படிப்பேன், கூட்டெழுத்து வந்தால் கண் கட்டிவிடும். மயிலாத்தாள் எட்டாவது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள்.

“நான் சொன்னது நாலு வரி. இத்தன நேரமா என்ன எழுதற?” என்று கேட்டேன்.

“மரியாதையா எழுத வேண்டாமுங்களா? ‘உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்துக்கு’ன்னே ரெண்டு வரி போயிருதுங்க” என்றாள்.

அது சரிதான். பெரிய ஆபீஸ்.

மனு வேலை செய்தது. மூன்று வாரத்தில் ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, கையில் டேப். நான் வேகத்தடை எங்கே வர வேண்டும் என்று காட்ட வெளியே வருகிறேன், அவர் என் சுவரை அளந்துகொண்டிருக்கிறார்.

“ஏனுங்க, வேகத்தடைய ரோட்டுலதான போடுவீங்க? செவுத்துல என்ன அளக்கறீங்க?”

“மனுவுல இருக்கறதத்தானுங்க பாக்கறேன்.”

“மனுவுல வேகத்தடை.”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மயிலாத்தாளைப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை. அன்றைக்கு அரிசியில் கல் அதிகம்போல.

“செவுரு ரோட்டுக்குள்ள நாலடி வந்திருக்குதுங்க பெரியவரே” என்றார்.

“ரோடு இந்தப் பக்கம் நகர்ந்திருக்குதுங்க” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். டேப்பெல்லாம் வெயிலில் இழுத்தால் கூடக்குறையக் காட்டும். நானும் அப்புறம் ஒருநாள்... அதை விடுங்கள். ஒரு நோட்டீஸ் வந்தது. மயிலாத்தாள் படித்தாள். செவுத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது என்றாள். கிழித்துப் போடு என்றேன். அவள் கிழிக்காமல் மடித்து மாத்திரை டப்பாவில் வைத்தாள். தாளை வீணாக்கமாட்டாள், சின்ன வயசிலிருந்து அப்படி.

அப்புறம் லேக் வியூ சங்கத்துச் செக்ரட்டரி வந்தார். வசுமதி என்று பேர், டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கையில் ஆப்பிள் பை.

“ஐயா, மூலைய மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளி வளைவாக் கட்டிக் குடுத்தர்றோம். செலவு எங்களுது. நீங்க சொல்ற பெயிண்ட் அடிச்சுத் தர்றோம்.”

“உங்க கேட்ட அந்தப் பக்கம் வெச்சுக்குங்க.”

“அந்தப் பக்கம் ரயில்வே லைனுங்க ஐயா.”

“அது என் குத்தமில்லீங்களே.”

ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மயிலாத்தாள் கேட் வரைக்கும் போய் அந்த அம்மாவோடு அரைமணி நேரம் நின்று பேசிவிட்டு வந்தாள். என்ன பேச்சு என்றேன். முருங்கைக்கீரை பற்றி என்றாள். வந்தபோது ஆப்பிள் அவள் கையில் இருந்தது.

சங்கத்தார் எதிர்க்கம்பத்தில் ஒரு குண்டுக் கண்ணாடி மாட்டினார்கள், முக்கில் வருகிற வண்டி தெரியட்டும் என்று. வண்டி தெரிந்ததோ என்னவோ, முகம் தெரிந்தது. காலையில் வேலைக்குப் போகிற பையன்கள் திருப்பத்தில் நிறுத்தித் தலை சீவினார்கள். அதிலேயே இரண்டு கோடு.

பதின்மூன்று கோடு ஆனபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசித்துப் பாருங்கள் தம்பி. நம் ஆட்கள் போலீஸுக்கு நிற்கமாட்டார்கள், சிவப்பு விளக்குக்கு நிற்கமாட்டார்கள். ஆனால் சாமி முன்னால்? எப்பேர்ப்பட்டவனும் ஒரு நிமிஷம் அடங்குவான். கல்பட்டறையில் சொல்லி ஒன்றரை அடியில் ஒரு பிள்ளையார் வாங்கி, சுவரின் முனையில் மாடம் கட்டி, வீதியைப் பார்க்க வைத்துவிட்டேன். ஐயரை அழைத்து முறையாகத்தான் செய்தேன். மயிலாத்தாள் மட்டும், “சாமியக் கொண்டுபோயி அந்த எடத்துல வெக்கறீங்களே” என்றாள். அந்த இடத்தில்தானே வேலை, வேறு எங்கே வைப்பது?

நடந்தது என்ன தெரியுமா? ஒருத்தனும் வேகத்தைக் குறைக்கவில்லை. கையை எடுத்தார்கள். திருப்பத்தில் வந்ததும் வலது கையை வண்டியிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்து, கன்னத்தில் போட்டு, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார்கள். வேன் ஓட்டுகிற ஒருவர் இரண்டு கையையும் எடுத்தார், நல்ல பக்தி. கார்க்காரர்கள் கையை எடுப்பதில்லை, ஹாரன் அடிப்பார்கள். சாமிக்கு ஒரு வணக்கம் மாதிரி, பாம் பாம் என்று. ஆறு மாசம் போவதற்குள் ஹாரன் பிள்ளையார் என்று பேராகிவிட்டது. புதுக் கார் வாங்கினவர்கள் நடு முக்கில் நிறுத்தி நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார்கள். அந்த நேரத்தில் பின்னால் வருகிறவனும் கும்பிட்டுக்கொண்டே வருவான்.

அந்தப் பிள்ளையார் வந்த பிறகு ஒன்பது கோடு. நான் எதையும் மறைக்கிறவன் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். சாமி மேல் தப்பில்லை. கும்பிடத் தெரியாதவர்கள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. மயிலாத்தாள் மாடத்தில் விளக்கு வைக்கப் போனாள். சுவரைச் சுற்றிக்கொண்டு வீதியில் கால் வைத்தாள். லேக் வியூவிலிருந்து ஒரு பெண்பிள்ளை, ஏதோ கம்பெனி வேலைக்குப் போகிறது, ஸ்கூட்டரில் வந்தது. கன்னத்தில் கை. கண் மூடியிருந்தது. கடைசி வரைக்கும் தெரியவில்லை என்றுதான் அதுவும் சொன்னது. தொடை எலும்பு இரண்டாக.

அந்தப் பெண் வீதியிலேயே உட்கார்ந்து அழுதது. வசுமதி டீச்சர் காரைக் கொண்டுவந்து மயிலாத்தாளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்குச் சட்டை இல்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டி, சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கோட்டைப் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே பஸ்ஸில் போனேன். அந்தக் கோடு மட்டும் நேராக வரவில்லை.

கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“எத்தனாவதுங்க?” என்றாள்.

“என்னது எத்தனாவது?”

“நானு.”

“இருவத்தி மூணு” என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மருந்து வேகம். சென்னியப்பன் தினமும் கஞ்சி கொண்டுவந்தான். அவன் உள்ளே இருக்கும்போது நான் வராண்டாவில் போய் நிற்பேன். அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்கள். நோயாளியிடம் அதிகம் பேசக்கூடாது என்கிற அறிவாவது அவனுக்கு இருந்ததே.

இரண்டு மாசத்தில் வாக்கர் பிடித்து நடந்தாள். அப்போது ஈரோட்டில் என் அண்ணன் பேத்திக்குச் சீர் விசேஷம் வந்தது. இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று யோசித்தேன்.

“நீங்க போயிட்டு வாங்க. தங்கியே வாங்க. ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வாங்களேன்” என்றாள்.

கல்யாணம் ஆகி நாற்பது வருஷம். தங்கி வரச் சொன்னது அதுதான் முதல் தடவை. உடம்புக்கு முடியாதபோது மனுஷருக்கு அன்பு கூடும்போலிருக்கிறது.

போய்விட்டு வந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தால் என் வீடு தூரத்திலிருந்தே தெரிகிறது. என்னடா இது, வீடு இவ்வளவு தூரத்திலிருந்து தெரியாதே என்று பார்த்தால், சுவர் இல்லை. அடியோடு இல்லை. இருபத்திரண்டு வருஷத்துச் சுவர். இருபத்து மூன்று கோடும் அதோடு போயிற்று.

செங்கலெல்லாம் மாட்டுக்கொட்டகை ஓரம் அழகாக அடுக்கியிருந்தது. கண்ணாடிச் சில்லைத் தனியாக ஒரு சாக்கில் கட்டியிருந்தது. துவைக்கிற கல்லைக்கூட உருட்டிக் கிணற்றடியில் வைத்திருந்தது. பிள்ளையார் வீட்டுப் பக்கம் வேம்படியில், கிழக்கே பார்த்து, பூப்போட்டு. இடிக்க வந்தவனுக்கு என் கல் மேல் என்ன அக்கறை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீட்டுக்குள் போனால் சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறான். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி.

“வாங்க மாமா” என்றான். என் வீட்டில் என்னை.

நான் அவனைப் பார்க்காமல் மயிலாத்தாளைக் கேட்டேன்: “யாரு இடிச்சது?”

“சத்தம் கேட்டுதுங்க. எந்திரிச்சு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

“அஞ்சரை அடிச் செவுரு. நீ எந்திரிச்சு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சா?”

“வாக்கர்ல மெதுவாத்தானுங்க வரமுடியும்.”

அதுவும் உண்மைதான். காலை வைத்துக்கொண்டு பாவம் அவள் என்ன செய்வாள். ஆனால் அந்தச் சங்கத்தாரும் சென்னியப்பனும் சேர்ந்து ஆள் வைத்து இடித்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் இல்லாத நாள் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் புரியவில்லை.

இது நடந்து இரண்டு மாசம் ஆகிறது. ஒரு விபத்து இல்லை தம்பி. ஒன்றுகூட இல்லை. பிள்ளையார் கிழக்கே பார்த்து உட்கார்ந்ததும் சக்தி கூடிவிட்டது. ஐயரிடம் கேட்டேன், இருக்கலாம் என்றார். மயிலாத்தாள் இப்போதெல்லாம் சாயங்காலம் வாக்கரோடு வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறாள். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வண்டி வருவதும் போவதும்தான் தெரிகிறது. அந்த ஸ்கூட்டர் பெண்கூட நிறுத்தி, “பாட்டி, கால் எப்படியிருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போகிறது.

அதெல்லாம் இருக்கட்டும். சுவர் என் சுவர். இடித்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் கையாலேயே திரும்பக் கட்டித்தர வேண்டும். மனுவில் அதுதான். நேற்று மத்தியானம் சொன்னேன். இவள் முகத்தைச் சுளிக்காமல் உடனே நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக, நான் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே எழுதி முடித்துவிட்டாள்.

ஊர் வர இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் படித்தவராகத் தெரிகிறீர்கள். கொஞ்சம் எடுத்துப் படித்துக் காட்டுங்களேன். உள்ளே ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமில்லையா. ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேர்வை படாமல்.

ம். ‘உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்துக்கு.’ ஆமாம், அது எப்போதும் உண்டு.

என்ன தம்பி, நிறுத்திவிட்டீர்கள்? கூட்டெழுத்தா? அவள் எழுத்து முத்து முத்தாக இருக்குமே.

திரும்பப் படியுங்கள்.

‘மேற்படி சுவரை என் தம்பி சென்னியப்பனை வரவழைத்து நான்தான் இடிக்கச் செய்தேன்.’ நான்தான் என்றால் யார்? கீழே யார் கையெழுத்து? என்னுடையதும் இருக்கிறதல்லவா, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டேன். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

சாட்சியா.

மேலே படியுங்கள். பரவாயில்லை, படியுங்கள்.

‘முன்பு கொடுத்த எட்டு மனுக்களிலும் இந்தச் சுவரை எடுக்க வேண்டும் என்றே கேட்டிருந்தேன்.’ எட்டிலுமா? அந்த இன்ஜினியர் டேப்போடு வந்தது... ஓகோ. அந்தப் போலீஸ்காரம்மா சிரித்ததும் அதற்குத்தானா.

அப்புறம்?

‘என் கணவர் கெட்டவர் இல்லை. நான் அடிபட்ட அன்று ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். சுவர் விஷயத்தில் மட்டும் சொன்னால் கேட்கமாட்டார். சுவர் பாதையில் நாலடி வந்திருந்தது. அந்த நாலடியையும் பாதையோடு சேர்த்து ரோடு போட்டுவிட்டால் மறுபடி கட்ட அவருக்கு இடமிருக்காது.’

அவ்வளவுதானா? பின்பக்கம் ஒன்றுமில்லையா?

நின்றேன் என்று எழுதியிருக்கிறாள், பாருங்கள். அங்கே உட்கார ஸ்டூல் இல்லை.

...

இல்லை தம்பி, தண்ணீர் வேண்டாம். ஒன்றுமில்லை. அடுத்த ஸ்டாப்பா நான் இறங்க வேண்டியது? இன்னும் இரண்டு இருக்கிறதா. சரி.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லுங்கள். அதில்லை, அதற்கு முந்தினது. எத்தனை அடி என்று போட்டிருக்கிறாள்?

நாலடியா?

அது தப்பு. சுத்தப் பொய். அந்த இன்ஜினியர் அளந்துவிட்டுப் போன மறுநாள், இவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது நானே உள்ளே வெளியே இரண்டு தரம் அளந்து பார்த்தேன். மூன்றே முக்கால்.

பேனா வைத்திருக்கிறீர்களா தம்பி? அதை மட்டும் அடித்துத் திருத்திக் கொடுங்கள். மற்றது இருக்கட்டும்.